மினுக்கலும் உதறலும்: அசைபடத்தில் தொடர்ச்சி எங்கே இருக்கிறது?

அசைபடம் என்பது அசையாத படங்களின் வரிசை. திரையில் ஒரு பந்து இடமிருந்து வலமாக உருள்கிறது என்றால், அங்கே உண்மையில் உருள்வது எதுவும் இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் சற்றே தள்ளி வரையப்பட்ட பந்து, நொடிக்கு 24 அல்லது 25 அல்லது 60 முறை, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகிறது. வரிசை ஒழுங்காக அமைந்தால் கண் அதை ஓட்டமாகக் காண்கிறது. ஒழுங்கு தவறினால் இரண்டு குறைகள் தலைகாட்டும். வெளிச்சம் விட்டுவிட்டு வருவதாகத் தெரிந்தால் அது மினுக்கல். எடிட்டிங் அறைகளில் ஃபிளிக்கர் என்பார்கள். வெளிச்சம் சீராக இருந்தும் பொருள் தத்தித் தத்தி நகர்ந்தால் அது உதறல். அதன் தொழில்நுட்பப் பெயர் ஜட்டர், வேலை செய்பவர்கள் வாய்மொழியில் 'ஜெர்க் அடிக்கிறது'.

இவ்விரண்டையும் குறைப்பது அன்றாடக் கைவேலை. ஆனால் அந்த வேலைக்கு அடியில் மிகப் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. தொடர்ச்சி பொருளில் இருக்கிறதா, காண்பவரிடம் இருக்கிறதா? உள்ளதெல்லாம் கணந்தோறும் தோன்றி அக்கணமே அழிகிறது என்பது பௌத்தரின் கணபங்கக் கொள்கை. சமணரும் சைவ சித்தாந்திகளும் அதைத் தமிழிலேயே மறுத்து நூல் செய்தார்கள். கணங்களைக் கொண்டு தொடர்ச்சியைக் கட்டும் வேலையை இன்று நாள்தோறும் செய்பவர்கள் அசைபடக் கலைஞர்கள். எனவே அவர்கள் காணும் குறைகளும் செய்யும் பரிகாரங்களும், பழைய வாதிகளுக்குக் கிடைக்காத சாட்சியங்களாகின்றன.

சுழல்வது நிற்பதாகத் தெரியும் இடம்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகை, சிப்காட் தொழிற்பூங்காவால் அறியப்படும் ஊர். பிரான்ஸைச் சேர்ந்த மிச்செலின் நிறுவனத்தின் டயர் ஆலை இங்கே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வரை பரந்த இந்தத் தொழில் வட்டாரம் உருளை, தண்டு, விசிறி, மோட்டார் என்று சுழல்பவற்றை நம்பி வாழ்கிறது. சுழலும் எந்திரமும் மின்விளக்கும் சேர்ந்திருக்கும் எந்தக் கூடத்திலும் மினுக்கல் ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. காட்சியைப் பற்றிய தத்துவக் கேள்வி அங்கே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது.

இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இருமுறை பூச்சியத்தைத் தொடுவதால், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. விலை குறைந்த எல்இடி விளக்குகள் பலவும் அப்படியே. அத்தனை வேகத்தில் நடப்பதால் கண் அதை மினுக்கலாக உணர்வதில்லை. ஆனால் விளைவு வேறு வழியில் வெளிப்படும்.

நான்கு பிடிகள் கொண்ட சக் ஒன்று லேத்தில் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்வதாகக் கொள்வோம். நொடிக்கு 25 சுற்று. ஒளியின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே சக் சரியாகக் கால் சுற்றுத் திரும்பியிருக்கும். ஒரு பிடி இருந்த இடத்தில் அடுத்த பிடி வந்திருக்கும். நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால் சக் நின்றுவிட்டதாகத் தோன்றக்கூடும். வேகம் 1440 ஆகக் குறைந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் 3.6 பாகை பின்தங்கும். நொடிக்கு நூறு துடிப்பில் அது 360 பாகை. அதாவது, நிமிடத்துக்கு 1440 முறை முன்னோக்கிச் சுழலும் இரும்பு, நொடிக்கு ஒரே ஒரு முறை, நிதானமாகப் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியும். நின்றுவிட்டதென்று நம்பி நீட்டும் கை என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதனால்தான் அருகருகே உள்ள விளக்குகளை மூன்று ஃபேஸ்களில் பிரித்து இணைக்கிறார்கள். ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிரும். நொடிக்கு 20,000 சுற்றுக்கு மேல் இயங்கும் எலக்ட்ரானிக் சோக் வந்தபின் இந்த ஆபத்து பெரிதும் குறைந்தது.

சினிமாவில் நிற்பது ஓடுவதாகத் தெரிகிறது. பட்டறையில் ஓடுவது நிற்பதாகத் தெரிகிறது. இரண்டிலும் கண்ணுக்குக் கிடைப்பவை துண்டுகள்தாம். துண்டுகளை இணைக்கும்போது, ஓர் உருவத்துக்கு மிக அருகில் அதேபோல் எது இருக்கிறதோ அதையே 'அதுதான் இது' என்று காட்சி எடுத்துக்கொள்கிறது. சைவ சித்தாந்த அளவை நூல்கள் ஐயக்காட்சியையும் திரிபுக்காட்சியையும் பிரமாணத்திலிருந்து விலக்குகின்றன. சக் நிற்பதாகக் காண்பது திரிபு என்பதில் ஐயமில்லை. திரையில் பந்து உருள்வதாகக் காண்பதும் அதே வகைத் திரிபுதானா? இதற்கு விடை காண, இரண்டு குறைகளையும் அவற்றின் பரிகாரங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மினுக்கல்: ஒளியில் விழும் இடைவெளி

பேசும்படம் வந்த 1920களின் இறுதியில் திரைப்படத்தின் வேகம் நொடிக்கு 24 ஃப்ரேம் என்று நிலைபெற்றது. ஒரு ஃப்ரேம் போய் அடுத்தது வரும் நேரத்தில் புரொஜெக்டரின் ஷட்டர் ஒளியை மறைக்கும். நொடிக்கு 24 முறை மட்டும் மறைத்தால் திரை கண்கூச மினுக்கும். அதனால் ஷட்டருக்கு இரண்டு அல்லது மூன்று இதழ்கள் வைத்தார்கள். ஒரே ஃப்ரேம் இருமுறையோ மும்முறையோ திரையில் அடிக்கப்பட்டது. ஒளித் துடிப்பு நொடிக்கு 48 அல்லது 72 ஆனது. படத்தில் புதிதாக எதுவும் சேரவில்லை. மறைப்புகள் மட்டும் கூடின. ஆனாலும் மினுக்கல் அடங்கிற்று. பிலிம் ஓடிய காலத்தில், இரண்டரை மணி நேரப் படம் பார்த்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இருட்டு ஒருவர் நினைவிலும் இல்லை.

துடிப்புகள் ஒன்றாகக் கலந்து சீரான ஒளியாகத் தெரியத் தொடங்கும் வேகம் எல்லோருக்கும் எப்போதும் ஒன்றல்ல. திரை பிரகாசமாக ஆக அந்த வேகமும் கூடும். கடைக்கண் நேர்ப்பார்வையைவிட மினுக்கலை எளிதில் பிடிக்கும். மங்கிய அரங்கில் குறை தெரியாத படம், வெயிலுக்கு ஈடுகொடுக்கும் பெரிய எல்இடி பலகையில் கண்ணை உறுத்துவதற்கு இதுவே காரணம்.

படப்பிடிப்பிலும் வரைகலையிலும் மினுக்கல் வேறு வழிகளில் நுழைகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் 24 ஃப்ரேமில் எடுக்கும்போது, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளியின் துடிப்புகள் சம அளவில் கிடைக்க வேண்டும். ஷட்டர் கோணத்தை 172.8 பாகையாக வைத்தால் ஒளி படும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்காகும். ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு துடிப்புகளைப் பெறும். கோவில் கோபுரத்தின் நிழற்படத்தை மெதுவாகச் சிறிதாக்கினால் நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்களின் நுண்விளிம்புகள் ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே தாவித் தாவிச் சிலிர்க்கும். படத்தை முன்கூட்டியே சற்று மென்மையாக்கினால் அது அடங்கும். ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றிக் காட்டும் தொலைக்காட்சி முறையில், ஒரு பிக்சல் தடிமன் உள்ள கிடைக்கோடு நொடிக்கு 25 முறை மட்டுமே திரையில் இருக்கும். மெல்லிய எழுத்துருவில் 'ட', 'ப' ஆகியவற்றின் செங்குத்துக் கோடுகள் அமைதியாக நிற்க, அடிக்கோடு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். கோட்டைத் தடிப்பாக்குவதோ மேலும் கீழும் சற்றே கரைய விடுவதோ பரிகாரம்.

மினுக்கல் அழகுக் குறையோடு நிற்பதில்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி ஒளிர்ந்தன. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிடக் கூடாது என்பது இன்று பரவலாகக் கொள்ளப்படும் விதி. காண்பவரின் உடலுக்குள் படம் நேராகக் கை வைக்க முடியும் என்பதை அந்த மாலை காட்டியது.

உதறல்: இடத்தில் விழும் இடைவெளி

உதறலுக்கு ஒளி காரணமில்லை. பொருள் இருக்க வேண்டிய நேரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போவதே காரணம். இது மூன்று வழிகளில் நேரும்.

முதலாவது, ஃப்ரேம்கள் சமமில்லாத நேரம் திரையில் நிற்பது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 24 ஃப்ரேம் படத்தை ஓட்டினால் ஒரு ஃப்ரேம் மூன்று புதுப்பிப்புக்கும் அடுத்தது இரண்டுக்கும் நிற்கும். ஒன்று 50 மில்லிநொடி, மற்றொன்று ஏறத்தாழ 33. தொலைக்காட்சிக்காக 25 ஃப்ரேமில் செய்ததை அதே 60 புதுப்பிப்புக் கைப்பேசியில் பார்த்தால் 2, 2, 3, 2, 3 என்று நொண்டும். திரையின் வேகத்தை மீதமின்றி வகுக்கும் எண்ணைத் தேர்வதே தீர்வு. ஒளிபரப்புக்கு 25 அல்லது 50, கைப்பேசிக்கு 30 அல்லது 60. நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையில் 24, 30, 60 மூன்றும் பிசகில்லாமல் அமரும்.

இரண்டாவது, ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே பொருள் தாண்டும் தொலைவு. 1920 பிக்சல் அகலத் திரையை ஒரு தலைப்பு ஒரே நொடியில் கடந்தால், 24 ஃப்ரேமில் ஒவ்வொரு தாண்டலும் 80 பிக்சல். ஏழு நொடியில் கடந்தால் தாண்டல் பதினொன்றைச் சற்றே மிஞ்சும். ஒரு பொருள் திரையைக் கடக்க ஏழு நொடி தேவை என்பது ஒளிப்பதிவாளர்கள் கைக்கணக்காகச் சொல்வது. வேகத்தைக் குறைக்க முடியாதபோது, நகரும் திசையில் இழுவை மங்கலைச் சேர்ப்பார்கள். ஃப்ரேம் நேரத்தில் பாதியளவு ஷட்டர் திறந்திருப்பதாகக் கணக்கிட்டால், 80 பிக்சல் தாண்டலில் 40 பிக்சலை மங்கல் நிரப்பும். புறப்படும்போதும் நிற்கும்போதும் வேகத்தைப் படிப்படியாக மாற்றுவதும் இதே நோக்கத்தில்தான்.

மூன்றாவது, பிக்சலுக்குப் பொருந்தாத வேகம். செய்தித் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்துவரி ஒரு ஃப்ரேமுக்கு இரண்டரை பிக்சல் நகர்வதாக அமைத்தால், அது 2, 3, 2, 3 என்று குதிக்கும். அதைத் தவிர்க்க அரைப் பிக்சல் இடத்திலும் எழுத்தை வரையச் சொன்னால் குதிப்பு நிற்கும். ஆனால் எழுத்தின் விளிம்பு ஒரு ஃப்ரேமில் கூர்மையாகவும் மறு ஃப்ரேமில் கரைந்தும் தெரிந்து மினுக்கத் தொடங்கும். முழு எண்ணில், ஃப்ரேமுக்கு 2 அல்லது 3 பிக்சல் என்று ஓடவிடுவதே நல்லது.

உதறலைத் தீர்க்கப்போய் மினுக்கல் வந்த கதை இது. மறுதிசையிலும் அப்படியே நடக்கிறது. இரண்டு இதழ் ஷட்டர் மினுக்கலைத் தீர்த்தது. ஆனால் ஓடும் குதிரையைப் பின்தொடரும் கண், ஒரே ஃப்ரேமின் முதல் அடிப்புக்கும் இரண்டாம் அடிப்புக்கும் இடையே முன்னே நகர்ந்துவிடுகிறது. குதிரை பழைய இடத்திலேயே மறுபடி தோன்றுவதால் விழித்திரையில் இரட்டை விளிம்பு விழுகிறது. இன்றைய எல்சிடி திரை ஃப்ரேமை இடைவிடாமல் பிடித்து நிற்பதால் மினுக்கல் இல்லை. பின்தொடரும் கண்ணுக்கு விளிம்பு குழம்புகிறது. அதைத் தெளிவாக்க இடையிடையே கருப்பு ஃப்ரேம் செருகினால் மினுக்கல் திரும்புகிறது. ஒளியின் தொடர்ச்சி ஒன்று, இடத்தின் தொடர்ச்சி வேறொன்று என்பதை இந்த இழுபறி தெளிவாக்குகிறது. ஒளியில் இடைவெளி விழுந்தால் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. இடத்தில் விழும் இடைவெளியை அது அவ்வாறு பொறுப்பதில்லை. அங்கே கண்ணுக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது.

சக்கரம் தரையைத் தொடும் புள்ளி

டயர் செய்யும் ஊரில் நின்று பேசும்போது, பௌத்த உரையாசிரியர் புத்தகோசரின் சக்கர உவமை தானாகவே நினைவுக்கு வருகிறது. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் விசுத்திமக்கத்தை இயற்றிய அவர், முன்பு காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். தேர்ச்சக்கரம் ஓடும்போதும் நிற்கும்போதும் அதன் வட்டையில் ஒரே ஒரு புள்ளிதான் தரையில் படுகிறது. அதுபோல உயிரின் வாழ்வு ஒரு சித்தக் கணம் மட்டுமே என்பது அவர் காட்டும் உவமையின் கருத்து. அபிதம்ம மரபு இதை நுட்பமாக விரித்தது. ஓர் உருவத்தைக் காண்பது என்பது பதினேழு சித்தக் கணங்கள் வரிசையாக எழுந்து மறையும் நிகழ்ச்சி. ஒரு காட்சி வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையே பவங்கம் என்னும் அடிநிலைச் சித்தம் மீள்கிறது. ஷட்டரின் இருட்டைப்போல அந்த இடைவெளியும் காண்பவர் நினைவில் நிற்பதில்லை.

காஞ்சி இந்தச் சிந்தனையின் தமிழ் முகம். மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி காஞ்சியில்தான் அறவண அடிகளிடம் அளவை நெறியையும், பேதைமை, செய்கை, உணர்வு எனத் தொடங்கும் பன்னிரு நிதானங்களையும் கேட்கிறாள். நிலைத்த பொருள் ஏதுமில்லை. ஒரு கணம் அடுத்த கணத்துக்குச் சார்பாகிறது. அந்த வரிசையே சந்தானம். விளக்கின் சுடரும் ஆற்றின் ஓட்டமும் அதற்கு மரபான உவமைகள். மழிக்க மழிக்க வளரும் மயிரை 'அதே மயிர்' என்பதுபோல, ஒப்புமையை ஒருமையாக எடுத்துக்கொள்வதே மக்கள் செய்யும் பிழை.

திரைப்படம் இந்தக் கொள்கைக்கு நேரடிச் சான்றுபோலத் தோன்றும். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சன் 1907இல் வெளியிட்ட நூலில், அறிவு உலகைச் சினிமாக் கருவிபோல அசையாத துண்டுகளாக்கியே பிடிக்கிறது என்று வாதிட்டார். ஆனால் அவர் வந்தடைந்த முடிவு பௌத்தருக்கு நேரெதிர். உண்மையில் இருப்பது உடையாத ஓட்டம், துண்டாக்குவது அறிவின் பழக்கம் என்றார் அவர். ஒரே கருவி இரு தரப்புக்கும் சாட்சியாக இழுக்கப்படுகிறது. அந்தச் சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்பது அவசியம்.

ஒரு வேறுபாடு உடனே தெரிகிறது. பௌத்தரின் சந்தானத்தில் முதல் கணம் இரண்டாம் கணத்தைப் பிறப்பிக்கிறது. பிலிமில் முதல் ஃப்ரேம் இரண்டாம் ஃப்ரேமைப் பிறப்பிப்பதில்லை. நடுவிலுள்ள பத்து ஃப்ரேம்களை வெட்டி எறிந்தாலும் பதினோராவது அப்படியே இருக்கும். கணினியில் இரண்டு முக்கிய நிலைகளைக் குறித்துவிட்டு இடைப்பட்டவற்றை நிரப்பச் சொல்லும்போதும், நிரப்பும் விதி எந்த ஃப்ரேமிலும் இல்லை. 7ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி, செயல் விளைப்பதே உண்மைப் பொருளின் அடையாளம் என்றார். லேத்தில் சுழலும் சக் கையை வெட்டும். முந்தைய கணத்தின் வேகம் அடுத்த கணத்துக்குப் போய்ச் சேர்வதால்தான் அது வெட்டுகிறது. திரையில் சுழலும் சக்கின் முந்தைய ஃப்ரேம் அடுத்த ஃப்ரேமுக்கு எதையும் தருவதில்லை. பௌத்தரே வகுத்த அளவுகோலின்படி பார்த்தால், பட்டறையின் உலகுக்கு அசைபடம் சரியான மாதிரி ஆகாது.

இரண்டு மறுப்புகள்

சமணக் காப்பியமான நீலகேசியின் நாயகி பௌத்த வாதிகளை ஒருவர்பின் ஒருவராகச் சந்தித்துக் கணபங்கத்தை மறுக்கிறாள். சமணக் கொள்கையில் பொருள் நிலைக்கிறது. அதன் நிலைகள் தோன்றி மறைகின்றன. இரண்டும் ஒருசேர உண்மை. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துக் கட்டி, 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்ட நீர்த்தேக்கம் இதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டாகும். கண்டலேறு–பூண்டிக் கால்வாய் வழியாக வரும் நீரும் மழைநீரும் அதில் சேர்கின்றன. கொள்ளளவு அரை டிஎம்சி. ஆண்டுதோறும் நீர் வேறு, மட்டம் வேறு, இரண்டு ஏரிகளின் பழைய வடிவமும் இன்றில்லை. ஆனாலும் தேங்குவது நீர்தான், தேக்கி நிற்பது கரைதான். மாற்றத்தைச் சொல்வதற்கே மாறாத ஒன்றைச் சுட்ட வேண்டியிருக்கிறது என்பது சமணர் பக்கம். அந்தக் கரையும் கணந்தோறும் கரைகிறதே என்பார் பௌத்தர்.

13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் பௌத்தத்தின் நால்வகைப் பிரிவுகளையும் எடுத்து மறுக்கிறது. சித்தாந்த மறுப்பின் அழுத்தம் அறிபவன்மேல் விழுகிறது. முதல் இடத்தில் கண்டவனும் அடுத்த இடத்தில் காண்பவனும் ஒருவனாக இல்லாவிட்டால் 'அது நகர்ந்தது' என்ற அறிவே எழாது. முதல் கணம் தன் வாசனையை, அதாவது தன் பதிவை, அடுத்த கணத்துக்குக் கொடுத்துச் செல்கிறது என்பது பௌத்தரின் விடை. கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் இரண்டும் ஒரு கணமேனும் சேர்ந்திருக்க வேண்டாமா என்பது மறுகேள்வி.

கண் சொல்லும் சாட்சி

நகர்ச்சி எவ்வாறு காணப்படுகிறது என்பதில் அறிவியல் தன் பழைய விடையை ஒருமுறை மாற்றிக்கொண்டது. பீட்டர் மார்க் ரோஜே 1824இல் வேலி இடுக்குகள் வழியாகக் காணும் சக்கர ஆரங்களைப் பற்றி எழுதியதிலிருந்து, விழித்திரையில் தங்கும் பதிவுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதே சினிமாவின் இரகசியம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பதிவுகள் ஒட்டினால் கிடைப்பது ஒன்றன்மேல் ஒன்று குவிந்த குழப்பம், ஓட்டம் அல்ல. 1912இல் மாக்ஸ் வெர்தைமர் இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டி ஆராய்ந்தார். தக்க இடைவெளியில் பார்ப்பவர் ஒரே கோடு நகர்வதைக் கண்டார். இடைவெளியைச் சற்று மாற்றியபோது, நகர்வது இன்னதென்று தெரியாமலே நகர்ச்சி மட்டும் தெரிந்தது. இரண்டு இடங்களை நினைவில் வைத்து ஒப்பிட்டு அனுமானிப்பதற்கு முன்பே நகர்ச்சி காட்சியாகவே கிடைத்துவிடுகிறது.

இதன் மறுபக்கத்தை 1983இல் ஜெர்மனியில் விவரிக்கப்பட்ட ஒரு நோயாளி காட்டினார். மூளையின் பின்பகுதி இருபுறமும் பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு நிறமும் உருவமும் தெரிந்தன. நகர்ச்சி மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்த பனிக்கட்டிபோல நின்றது. கோப்பையில் அது உயர்வது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியவில்லை. தூரத்தில் இருந்த வண்டி திடீரென அருகில் இருந்தது. ஃப்ரேம்கள் எல்லாம் அவருக்குக் கிடைத்தன. முந்தையது நினைவிலும் இருந்தது. ஓட்டம் மட்டும் கிடைக்கவில்லை.

இந்தச் சாட்சி இரு தரப்பையும் திருத்துகிறது. கணங்களும் நினைவும் இருந்தால் போதும், நகர்ச்சி அறிவு வந்துவிடும் என்ற எண்ணம் நிற்கவில்லை. ஆகவே நினைவை மட்டும் நம்பிய சித்தாந்த வாதமும் அப்படியே நிற்காது. அதேபோல, காட்சி என்பது கற்பனை கலவாத கணப் பதிவு, தொடர்ச்சி முழுவதும் பின்னால் மனம் ஏற்றிய கற்பனை என்ற பௌத்தப் பிரிவும் தளர்கிறது. இவை அசையாப் படங்கள் என்று நன்கறிந்தவருக்கும் பந்து உருளத்தான் செய்கிறது. அறிவு வந்தபின்னும் காட்சி மாறவில்லை.

உதறல் தரும் சாட்சி இதற்கும் ஒரு படி மேல். பொருளைப் பின்தொடரும் கண் அது போகும் இடத்துக்குத் தானும் போகிறது. அடுத்த இடம் எதிர்பார்த்தபடி அமையாவிட்டால் உறுத்துகிறது. எதிர்பார்ப்பு என்பது ஒரு கணத்துக்குள் அடங்காது. வந்ததைத் தன்னுள் வைத்துக்கொண்டு வரப்போவதை நோக்கி நீளும் ஒன்று காண்பவரிடம் இருந்தாக வேண்டும். அது நித்தியமான ஆன்மா என்பதற்கு இது சான்றாகாது. அவ்வளவு தூரம் எந்தத் திரையும் கொண்டுபோகாது. ஆனால் அறிபவரை ஒன்றோடொன்று ஒட்டாத கணங்களாகப் பிரிக்க முடியாது என்பதற்கு இது வலுவான சான்று.

சீராக்குவது ஏமாற்றா?

இனி எஞ்சுவது முதலில் எழுந்த கேள்வி. திரையில் காணும் ஓட்டம் திரிபு என்றால், மினுக்கலையும் உதறலையும் நீக்குவது அந்தத் திரிபை வலுப்படுத்தும் வேலை ஆகாதா?

சைவ சித்தாந்தம் மாயையை வெறும் பொய்யாகக் கொள்ளவில்லை. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உடல், கருவி, உலகு ஆகியவற்றைத் தந்து, விடியும்வரை உதவும் கைவிளக்கு அது. விளக்கின் வேலை பொருளைக் காட்டுவது. சுடர் துடித்தால் கண் பொருளை விட்டு விளக்கையே பார்க்கும். மினுக்கும் படத்தில் நேர்வதும் இதுவே: சொல்ல வந்தது மறைந்து, சொல்லும் கருவி முன்னே வந்து நிற்கிறது. இரண்டு குறைகளையும் நீக்குவது விளக்கைத் தூண்டிவிடுவது போன்றது. எதைக் காட்ட அந்த விளக்கு ஏற்றப்பட்டது என்பதில்தான் மெய்யும் பொய்யும் இருக்கின்றன.

இதைச் சோதிக்க, எந்திரப் பாதுகாப்புப் பயிற்சிக்காக வரையப்படும் அசைபடம் ஒன்று போதும். எட்டு ஆரங்கள் கொண்ட சக்கரம் நொடிக்கு மூன்று முறை சுழல்வதாக 24 ஃப்ரேமில் வரைந்தால், ஒவ்வொரு ஃப்ரேமிலும் அது 45 பாகை திரும்பும். ஓர் ஆரத்தின் இடத்தில் அடுத்த ஆரம் வந்து, சக்கரம் நிற்பதாகத் தெரியும். வேகத்தைச் சற்றுக் குறைத்தால் பின்னோக்கிச் சுழலும். அப்படி மாறிய காட்சி மினுக்கலும் உதறலும் இன்றி வழுவழுப்பாகவே இருக்கும். ஆனால் கையை எந்தப் பக்கம் இழுக்கும் என்று தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில், அது நேர்மாறானதைச் சொல்லிக்கொடுக்கிறது.

பரிகாரம் எளியது. எட்டு ஆரங்களில் ஒன்றுக்கு மட்டும் சிவப்புப் பூச வேண்டும். எட்டும் ஒன்றுபோல் இருந்தபோது கண் ஒப்புமையை ஒருமையாக எடுத்துக்கொண்டது. பௌத்தர் சுட்டிய பிழை அதுவே. சிவப்பு ஆரம் வந்தவுடன் 'அதுவே இது' என்று அறிந்துகொள்ளப் பிடி கிடைக்கிறது; திசை சரியாகிறது. ஒருமையை அறிவது நகர்ச்சியை அறிவதற்கு முன்தேவை என்று சமணரும் சித்தாந்திகளும் வலியுறுத்தியதும் இங்கே பொருந்துகிறது. பட்டறையில் இந்த ஒருமைக்குப் பின்னால் சுழலும் இரும்பு ஒன்று இருக்கிறது. திரையில் அது இல்லை; வரைபவரின் கணக்கும் பார்ப்பவரின் எதிர்பார்ப்பும் சேர்ந்தே அந்த இடத்தை நிரப்புகின்றன. ஆகவே அசைபடத்தின் தொடர்ச்சி எந்த ஃப்ரேமிலும் இல்லை என்பதில் கணபங்க வாதம் வெல்கிறது. உலகமும் அப்படித்தான் என்பதற்கு அசைபடம் சான்றாகாது என்பதில் மறுப்பு வெல்கிறது. அதன் கணக்கு உண்மை எந்திரத்தின் சுழற்சியோடு ஒத்துப்போகும்வரை, திரையில் சுழலும் சக்கரத்தைத் தொழிலாளி நம்பலாம்.